A-வை 4 ஆக மாற்றவும்

நம் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நான்கு பக்கம் எழுதித் தரும்படி சின்ன முதலாளி கேட்டார். புரூப் பார்த்துப் பிழை திருத்துவதில் உள்ள நுணுக்கங்களை எழுதுவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். காலண்டரில் அமாவாசை எந்தக் கட்டத்தில் இடம் மாறும், ராகுகாலம் எந்தக் கிழமையில் தவறும், ஆகஸ்டுக்கு முப்பதோடு நிறுத்திவிடுகிற கை எது என்பதெல்லாம் ஒரு சீசன் தாண்டினால் உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. முப்பத்தோரு வருட வேலையில் நான் வெட்கப்படுகிற காரியம் ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

அதற்கு முன் என் கர்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

சில வருடங்களுக்கு முன், நம் கம்ப்யூட்டர்களில் எழுத்துருவை மாற்றினார்கள். மாற்றிய வேகத்தில், தினசரிக் காலண்டர் ஒன்றில் சில எண்கள் ஆங்கில எழுத்துகளாக மாறிவிட்டன. நல்ல நேரம் 9.15 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு எழுத்து உட்கார்ந்திருந்தது. நான்கு பேர் பார்த்து, நான்கு பேரும் விட்டுவிட்டார்கள். அச்சுப் பிளேட் மெஷினில் ஏறப்போகும் நேரத்தில் என் கண்ணில் பட்டது. லட்சக்கணக்கில் ஓட வேண்டிய ஆர்டர். அன்று பெரிய முதலாளி ஹாலுக்கு வந்து, எல்லாரையும் கூப்பிட்டு, என் தோளில் கை வைத்து, "இவர் கண்ணு இருக்க வரைக்கும் நமக்குக் கவலை இல்ல" என்றார்.

அதற்கு முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் கேட்பேன். அதற்குப் பிறகு கேட்பது குறைந்தது. எண்ணுக்கு நடுவில் எழுத்து வந்தால் அது பிழை. இது ஒரு சட்டமாகவே எனக்குள் பதிந்துபோனது.

அடுத்த வருடம் ஐப்பசியில் ஜெசிந்தா டீச்சர் வந்தார். காரியாபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. தோளில் துணிப்பை, அக்குளில் சுருட்டிய சார்ட் பேப்பர். பள்ளிக்கு இருநூறு மாதக் காலண்டர் வேண்டும் என்றார். நாங்கள் அம்புட்டுச் சின்ன ஆர்டர் எடுப்பதில்லை. ஆனாலும் அந்த சார்ட்டை மேஜையில் விரித்ததும் பெரிய முதலாளிக்கே ஆசை வந்துவிட்டது.

பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பை என்கிற அந்தக் கணித எண். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருமே, 3.14 என்று நாம் படித்தது, அதுதான். ஆனால் பன்னிரண்டு பக்கத்திலும் பன்னிரண்டு விதமாக இருந்தது. ஜனவரியில் 11.001001 என்று வெறும் ஒன்றும் சைபருமாக ஓடியது. ஜூனில் 3.066365. செப்டம்பரில் மட்டும் நமக்குத் தெரிந்த 3.14159.

"இது என்ன டீச்சர், மாசத்துக்கு ஒண்ணா மாறுது?" என்று கேட்டேன்.

டீச்சர் சிரித்தார். "எண் ஒண்ணுதான் சார். எழுதுற விதம்தான் வேற. நமக்கு விரல் பத்து, அதனால பத்துப் பத்தா எண்ணிப் பழகிட்டோம். ரெண்டு ரெண்டா எண்ணுனா ஜனவரில இருக்க மாதிரி வரும். ஏழு ஏழா எண்ணுனா ஜூன்ல இருக்கது. அதுக்கு அடிமானம்னு பேரு. ஜனவரிக்கு அடிமானம் ரெண்டு, அப்பிடியே ஏறி டிசம்பருக்குப் பதிமூணு."

"பரீட்சைக்கு வருமா?"

"வராது சார். சும்மா விளையாட்டுக்குத்தான். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு பிள்ளைக எல்லாம் வீட்டு நினைப்புலயே இருக்கும். அந்த நேரத்துல ஆரம்பிச்சோம். இப்ப மணி அடிச்சாலும் எந்திரிக்க மாட்டேங்குதுக."

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்த மாதத்துக் கணக்கைப் போட்ட நான்கு பிள்ளைகளின் பெயர் வர வேண்டும் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். அந்தப் பெயர்களில் எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். எண்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவற்றைத் தெளிவாகவே எழுதியிருப்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

அந்த வேலை மாரீஸ்வரியிடம் போனது. மாரீஸ்வரி, கம்ப்யூட்டரில் பக்கங்களை அடிக்கும் எங்கள் டி.டி.பி. பிரிவில் இருந்தார். ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பி.எஸ்ஸி. கணிதம் படித்தவர். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டார். டீச்சருடைய சார்ட்டைப் பார்த்த அன்று மட்டும், பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி, "ஐ, நல்லாருக்கே" என்று சொன்னது நினைவிருக்கிறது.

மாரீஸ்வரி அடித்துக் கொடுத்த புரூப்பை ஜெசிந்தா டீச்சரே வந்து பார்த்தார். ஒரு மணி நேரம் மாரீஸ்வரியின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பக்கத்திலும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட பிறகு அவரைக் கேட்காமல் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. இது உங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பிளேட் போட வேண்டிய நாள் காலை. டீச்சருடைய இருநூறு காலண்டர் ஓடி முடிந்தால்தான் ஒரு பட்டாசுக் கம்பெனியின் பெரிய லோடு அந்த மெஷினில் ஏற முடியும். மெஷின்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் கடைசிப் பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்கள் சரி. தேதிகள் சரி. அக்டோபர் பக்கத்தில் எண்ணுக்கு நடுவே ஒரு A இருந்தது. நவம்பரில் ஒரு B, ஒரு A. டிசம்பரில் ஆரம்பமே 3.1AC1 என்றிருந்தது. அதற்குப் பிறகும் A, C.

மறுபடியும் அதே எழுத்துருத் தகராறு என்று முடிவு செய்துவிட்டேன். டீச்சர் கையால் எழுதிய சார்ட்டை எடுத்து ஒப்பிட்டேன். அவருடைய கையெழுத்தில் A என்பது மேலே கூர்மையாக, ஒரு கால் குட்டையாக, பார்ப்பதற்கு 4 மாதிரி இருந்தது. B நெருக்கி எழுதிய 8 மாதிரி. C முழுவதும் மூடாத சைபர் மாதிரி. ஆக, 4-ஐ A என்றும், 8-ஐ B என்றும், சைபரை C என்றும் இந்தப் பெண் வாசித்து அடித்திருக்கிறார். டீச்சர் மற்ற வாடிக்கையாளர்களைப் போலப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்படி என் மனதில் ஒரு கதை ஓடியது. டிசம்பர் பக்கத்தில் A-க்கு 4, C-க்கு சைபர் போட்டுப் பார்த்தேன். 3.1401 என்று வந்தது. 3.14! எனக்கு வேறு சாட்சியே வேண்டியிருக்கவில்லை.

மாரீஸ்வரியைக் கூப்பிட்டேன்.

"இதென்னம்மா, நம்பருக்கு நடுவுல எழுத்து?"

"அது எழுத்து இல்ல சார், நம்பர்தான்," என்றார். "பதிமூணு அடிமானத்துல பத்து, பதினொண்ணு, பன்னெண்டுக்கு ஒத்தை இலக்கம் வேணும்ல சார். நம்மகிட்ட ஒம்பது வரைக்கும்தான இருக்கு. அதனால பத்துக்கு A, பதினொண்ணுக்கு..."

நான் கையைத் தூக்கி நிறுத்தினேன்.

"நீ இங்க வேலைக்குச் சேந்து எம்புட்டு நாளாச்சு?"

அவர் வாய் திறப்பதற்குள் சார்ட்டை அவர் முன் தள்ளினேன்.

"போன வருசம் இதே மாதிரிதான் எல்லாரும் நம்பர்னு விட்டாங்க. சார்ட்டைப் பாரு. இது 4 இல்லையா?"

"இல்ல சார். A-தான். பேனாவும் பேப்பரும் தாங்க, ரெண்டு நிமிசத்துல போட்டுக் காட்டுறேன். இல்லைன்னா டீச்சருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க சார்."

போன் போட்டேன். எடுக்கவில்லை. பள்ளிக்கூட நேரம், வகுப்பில் இருப்பார் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். இடைவேளை மணி அடிக்கும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கலாம். அந்த மெஷினில் அதற்குள் வேறு ஏதாவது சின்ன வேலையை ஓட்டியிருக்கலாம். இவற்றில் ஒன்றும் எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனால் மாரீஸ்வரி சொன்னதற்காகக் காத்திருப்பதா என்றும் தோன்றியது. அதுதான் ஜெயித்தது.

"மாத்து," என்றேன்.

மாரீஸ்வரி நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "எழுதிக் குடுங்க சார், மாத்துறேன்," என்றார்.

எனக்குக் கோபம். ஒரு சீட்டைக் கிழித்து, 'அக்டோபர், நவம்பர், டிசம்பர் பக்கங்களில் A-வை 4 ஆக மாற்றவும், B-யை 8 ஆக மாற்றவும், C-யை 0 ஆக மாற்றவும்' என்று எழுதி, என் கையெழுத்தையும் போட்டு நீட்டினேன். அவர் மாற்றினார். அந்த வேலையின் காகிதங்களைப் போட்டு வைக்கும் கவரில் சீட்டையும் வைத்தார். காலண்டர் அச்சாகி, கட்டாகி, காரியாபட்டி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது.

மார்கழி பிறந்த சமயத்தில் ஒரு சாயங்காலம் ஜெசிந்தா டீச்சர் வந்தார். கையில் ஒரே ஒரு காலண்டர். பெரிய முதலாளியின் அறையில் அவரை உட்கார வைத்து என்னையும் கூப்பிட்டார்கள். டீச்சர் சத்தம் போடவில்லை. டிசம்பர் பக்கத்தைத் திருப்பி மேஜையில் வைத்தார்.

"காலண்டர் குடுத்ததும் பிள்ளைக எல்லாம் அவங்கவங்க பேரு இருக்க பக்கத்தைத்தான் முதல்ல எடுத்துச்சுக. டிசம்பர் போட்ட நாலு பேரும் அப்பிடியே உக்காந்துட்டாங்க. அதுல ஒரு பிள்ளைக்கு அப்பா அம்மா ரெண்டு பேருமே பட்டாசுக் கம்பெனிக்குப் போறவங்க. பேரு அச்சுல வருதுன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்திருக்கா. அவ எங்கிட்ட வந்து, 'டீச்சர், நாங்க தப்பாப் போட்டுட்டோமா'ன்னு கேக்கா. மறுபடி மூணு தடவை போட்டுப் பாத்திருக்காங்க சார். மூணு தடவையும் A-தான் வருது. ஆனா காலண்டர்ல 4-னு இருக்கே, அப்ப நமக்குத்தான் கணக்கு வரலைபோலன்னு நாலும் அழுதுருக்கு. அச்சுல வந்தது தப்பா இருக்கும்னு அதுகளுக்குத் தோணவே இல்ல."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "A எல்லாம் 4 ஆயிருக்கு. C எல்லாம் சைபர் ஆயிருக்கு. கை தவறுனா இப்பிடி வராது சார். யாரோ உக்காந்து மாத்துன மாதிரி இருக்கு."

பெரிய முதலாளி என்னைப் பார்த்தார். "இந்த வேலையோட கவரை எடுத்துட்டு வாங்க," என்றார்.

அறையிலிருந்து கவர்கள் அடுக்கியிருக்கும் ரேக்குக்கு முப்பது அடி தூரம் இருக்கும். போகும்போது உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் போனேன். இதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. கவரைத் திறந்து பார்த்தேன். சீட்டு மேலாகவே இருந்தது. என் கையெழுத்து, என் கையொப்பம். பெரிய முதலாளி என் தோளில் கை வைத்துச் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதற்கு ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

கவரைக் கொண்டுபோய்க் கொடுத்து, "டி.டி.பி.ல கேக்கணும் முதலாளி," என்றேன். பொய் என்று சொல்ல முடியாத ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். வார்த்தைகளோடு முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு அது கைவந்த கலையாக இருந்தது.

பெரிய முதலாளி கவரோடு ஹாலுக்குப் போனார். டீச்சரும் நானும் பின்னால் போனோம். இருபது பேருக்கு மேல் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, இதை மாத்துனது யாரு?"

"நான்தான் முதலாளி," என்றார் மாரீஸ்வரி. "சார் மாத்தச் சொன்னாக. வேணாம்னு சொல்லிப் பாத்தேன். சார் எழுதிக் குடுத்த சீட்டு கவர்ல இருக்கு."

பெரிய முதலாளி கவரை மேஜையில் கவிழ்த்தார். புரூப் இருந்தது, சார்ட் இருந்தது. சீட்டு இல்லை.

"எங்க?"

மாரீஸ்வரி காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டாம் முறையும் புரட்டினார். பிறகு புரட்டுவது நின்றது. அவர் என்னைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் மேஜை மேல் கிடந்த ஒரு காகிதக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மேல் தாள் ஓரத்தில் மடங்கியிருந்தது. இன்றைக்கும் அந்த மடிப்பை என்னால் வரைந்து காட்ட முடியும்.

"தப்புப் பண்றது பெருசில்ல," என்றார் பெரிய முதலாளி. "மனுசனுக்கு வரும். அதைத் தூக்கி இவரு தலையில போடுற பாரு, அதுதான் பெருசு. முப்பது வருசமா இருக்கவரு. படிச்ச பிள்ளைதான நீ? இப்பிடிப் பொய் சொல்லலாமா?"

"சார், பிள்ளைய ஏசாதீங்க," என்றார் டீச்சர். "எனக்குச் சரியாப் போட்டுக் குடுத்தாப் போதும்."

மாரீஸ்வரி இரண்டாம் தடவை என் பெயரைச் சொல்லவில்லை. அவருடைய செருப்புச் சத்தம் என்னைத் தாண்டி வாசல் பக்கம் போனது. மறுநாள் வேலைக்கு வரவில்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை.

அந்த மூன்று பக்கங்களையும் மறுபடி அச்சடித்தோம். அதற்கு முன், ஒரு மதிய இடைவேளையில் நான் தனியாக உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். டீச்சர் சார்ட்டின் பின்பக்கத்தில் முறையை எழுதியிருந்தார். பை என்ற எண்ணில் 3 போக மிச்சம் 0.14159265. செல்போனில் அதைப் பதிமூன்றால் பெருக்கினேன். 1.84 வந்தது. ஒன்றை எழுதி வைத்தேன். மிச்சமிருந்த 0.84-ஐ மறுபடி பதிமூன்றால் பெருக்கினேன். 10.9. பத்து! ஒரே இலக்கத்துக்கான இடத்தில் பத்தை எப்படி எழுதுவது? அதற்குத்தான் A. மிச்சத்தை மறுபடி பெருக்கினேன். 12.07. பன்னிரண்டு, அதாவது C. ஒன்று, A, C. டிசம்பர் பக்கத்தில் இருந்தது அப்படியே வந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாரீஸ்வரி கேட்டது இரண்டு நிமிடம்.

புதிய பக்கங்களை நானே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. ஏதாவது செய்தால் மனம் ஆறும் என்று நினைத்திருப்பேன். டீச்சர் கட்டைப் பிரித்து மூன்று பக்கத்தையும் இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் பொண்ணு எப்பிடி இருக்கு?"

"வேலைய விட்டுப் போயிருச்சு டீச்சர்."

டீச்சர் பக்கங்களை மேஜை மேல் வைத்தார்.

"புரூப் பாக்க வந்தேன்ல, அன்னைக்கு நவம்பர் பக்கத்துல நான் எழுதுனதுலயே ஒரு இலக்கம் தப்பு. சார்ட்டுல எழுதும்போது விட்டுட்டேன். அந்தப் பொண்ணுதான் போட்டுப் பாத்து, 'டீச்சர், இங்க B வரணும்'னு சொன்னா, அதுக்கப்புறம்தான் சார்ட்டுல நெருக்கி எழுதுனேன். அப்பிடிப்பட்டவ எதுக்கு சார் B-யை 8 ஆக்கப் போறா? அன்னைக்கு ஹால்ல எனக்கு இது சொல்லத் தோணலை. பஸ் ஏறுனதும்தான் தோணுச்சு. அதுல இருந்து மனசு கெடந்து அடிச்சுக்குது."

அவர் என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். குற்றம் சாட்டவில்லை. தானும் ஒரு தவறு செய்துவிட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம். ஒரு தவறும் செய்யாதவருக்கு அவ்வளவு உறுத்துகிறது. நான் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்டேன்.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூருக்குப் போனேன். மாரீஸ்வரி வீட்டில் தனியாக இருந்தார். உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். ஒரு நோட்டுப் புத்தகக் கம்பெனியில் நோட்டுகளை எண்ணிக் கட்டுப் போடும் வேலைக்குப் போவதாகச் சொன்னார். இரண்டு அச்சகங்களில் டி.டி.பி. வேலைக்குக் கேட்டிருக்கிறார். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் நடப்பது அடுத்த அச்சகத்துக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? 'அவுக சார் மேலயே பழியைப் போட்ட பிள்ளையா நீ?' என்று ஓர் இடத்தில் நேராகவே கேட்டுவிட்டார்களாம்.

"மாரீஸ்வரி, அந்தச் சீட்டை எடுத்தது நான்தாம்மா," என்றேன்.

"தெரியும் சார்."

"தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிரு."

"முதலாளிகிட்டச் சொல்லிட்டீகளா?"

"இன்னும் இல்ல."

மாரீஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "அப்ப இதை எதுக்கு சார் எங்கிட்ட வந்து சொல்றீக? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. தெரியாதவுக எல்லாம் அங்கனல்ல இருக்காக."

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வந்துவிட்டேன்.

மறுநாள் பெரிய முதலாளியின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டையும் மேஜை மேல் வைத்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பிள்ளையை அம்புட்டுப் பேரு முன்னாடி ஏசிட்டேனே," என்றார் கடைசியில். "வரச் சொல்லி ஆள் அனுப்புறேன். ஆனா இது நமக்குள்ள இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா புரூப்புங்கிற வார்த்தைக்கே மரியாதை இருக்காது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. நடந்த எல்லாவற்றையும்விட அந்த நிம்மதியைச் சொல்லத்தான் எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. தண்டனை இல்லை, அவமானம் இல்லை; உண்மையையும் சொல்லியாயிற்று. அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

போன ஆள் திரும்பி வந்து மாரீஸ்வரி சொன்னதைச் சொன்னார். "ஹால்ல எல்லாரும் இருக்கும்போது என்னைப் பொய் சொன்னேன்னாக. அதே மாதிரி எல்லாரும் இருக்கும்போது இல்லைன்னு சொல்லட்டும், வாறேன்" என்றாராம். பெரிய முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீங்க என்ன சொல்றீக? உங்க இஷ்டம்தான்" என்றார்.

"பாக்கலாம் முதலாளி," என்றேன்.

அப்படியே அடுத்த சீசன் வந்தது. அதற்கடுத்த சீசனும் வந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று அதே ஹாலில் எனக்குச் சால்வை போட்டார்கள். தப்பே விடாத கண் என்று ஒருவர் பேசினார். நான் கைகூப்பி நின்றேன். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம்.

பெரிய முதலாளி இப்போது அச்சகத்துக்கு வருவதில்லை. அன்று ஹாலில் இருந்தவர்களில் ஏழெட்டுப் பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். புதியவர்களான உங்களுக்கு என்று கேட்கப்பட்ட இந்தப் பக்கங்களை அவர்களும் வாசிக்க வேண்டும் என்பதால், அச்சடித்து ஹாலில் ஒட்டும்படி சின்ன முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆகவே எல்லாருக்குமாகச் சொல்கிறேன். A-வை 4 ஆக மாற்றச் சொன்னது நான். எழுதிக் கொடுத்தது நான். அந்தச் சீட்டைக் கவரிலிருந்து எடுத்து மறைத்ததும் நான். மாரீஸ்வரி அன்று சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

உங்களுக்கு அறிவுரை என்று தனியாக எதுவும் சொல்லும் தகுதி எனக்கில்லை. தவறு செய்வீர்கள். நானும் நிறையச் செய்திருக்கிறேன், திருத்தியும் இருக்கிறேன். தவறுக்குப் பிறகு ரேக்குவரை நடந்து போகிற முப்பது அடி உங்களுக்கும் ஒரு நாள் வரும். அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதை எழுதி முடித்ததும் செல்போனில் படமெடுத்து மாரீஸ்வரிக்கு அனுப்பினேன். அவர் இப்போது விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"படிச்சேன் சார்."

"பேரை எடுத்துரவாம்மா?"

"பேரு இருக்கட்டும். ஒரு இடத்துலதான் தப்பு இருக்கு."

"எங்க?"

"நான் அழுதுக்கிட்டே வெளிய போனேன்னு எழுதியிருக்கீக. நான் அழுகல சார். பையை எடுத்துக்கிட்டு நேராத்தான் நடந்து போனேன். நீங்கதான் குனிஞ்சுக்கிட்டே நின்னீகளே, எப்பிடிப் பாத்திருப்பீக?"

அந்த வரியை எடுத்துவிட்டேன்.